நேட்டாலுக்குப் போன சின்னத் தாத்தாவும் அவர் மனைவியும்: எங்கே தேடுவது?

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கொள்ளுத் தாத்தாவின் தம்பியும் அவர் மனைவியும் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியவர்கள். ஊர் வந்தவாசிப் பக்கம். அப்போது வட ஆற்காடு ஜில்லா, இப்போது திருவண்ணாமலை மாவட்டம். போனது 1890களின் தொடக்கம் என்பது பெரியப்பாவின் கணக்கு. அவருக்கு வயது எண்பதுக்கு மேல், ஞாபகம் கெட்டி.

கையில் அதிகம் ஒன்றும் இல்லை. டர்பன் ஸ்டூடியோ முத்திரை போட்ட ஒரு புகைப்படம் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் ஒரு பழைய பட்டா இருக்கிறது, தம்பி பெயரை ஏனோ யாரும் நீக்கவில்லை. மற்றதெல்லாம் வாய்வழி வந்ததுதான்: "புருஷனும் பெண்டாட்டியுமா போனாங்க, மாமன் மகளைத்தான் கட்டியிருந்தார், பிள்ளை இல்லை, அங்கேயே போய்ச் சேர்ந்துட்டாங்க."

எனக்குத் தெரிய வேண்டியது: எந்த ஆண்டு போனார்கள், யாரிடம் வேலை செய்தார்கள், எப்போது இறந்தார்கள், நிஜமாகவே பிள்ளை இல்லையா. இந்த ஒரு ஜோடியின் வாழ்க்கையை ஓரளவு கோத்துப் பார்க்க முடியுமா? பெயர்களைப் பொதுவில் போட வீட்டில் சம்மதம் இல்லை. உதவுகிறவர்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

---

பழஞ்சுவடி எழுதியது:

நேட்டால் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சிலோன், மலாயாவுக்குப் போனவர்களைத் தேடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அழுவார்கள்.

1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ டர்பனில் நின்றது. அதுதான் முதல் கப்பல். 1911ல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை 1,52,184 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மதராஸ் துறைமுகம்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதி வைத்தார்கள். ஆள் ஓடிப்போனால் பிடிக்க வசதியாக எழுதியதுதான். நமக்கு அது இன்று வேறு விதத்தில் பயன்படுகிறது.

இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேட்டால் வழி கிடைக்கும்.

தேடும்போது பெயரை நம்பாதீர்கள், ஊரை நம்புங்கள். முனியம்மா என்ற பெயரை அந்தக் குமாஸ்தா எத்தனை விதமாக எழுதியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஜில்லா, தாலுகா பெயர்கள் ஓரளவு நிலையானவை. வந்தவாசியை வெள்ளைக்காரன் ‘வாண்டிவாஷ்’ என்று எழுதினான், அந்த எழுத்துக்கூட்டில் தேடுங்கள். வயதை முன்பின் ஐந்து வருடம் தளர்த்திக்கொள்ளுங்கள். பெரியப்பா சொல்லும் ஆண்டையும் அப்படியே.

இன்னொன்று, இதைப் பலரும் கோட்டைவிடுகிறார்கள். மனைவிக்கும் தனி எண் உண்டு. அவருடைய தகப்பன் பெயரும் கிராமமும் அவர் வரிசையில் தனியாக இருக்கும். கணவர் எண் கிடைத்த சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கணவருக்கு அடுத்த எண் பெரும்பாலும் மனைவியுடையதாக இருக்கும். சில பட்டியல்களில் உறவும் குறித்திருப்பார்கள்.

---

ரப்பர்தோட்டம் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். பழஞ்சுவடி சொன்னதற்கு ஆமாம் போடத்தான் வந்தேன். எங்கள் பக்கம் கங்காணி ஊருக்குப் போய் உறவுக்காரர்களை மொத்தமாகக் கூட்டி வருவான். நேட்டால் மாதிரி ஆளுக்கு ஒரு எண்ணும் மச்ச அடையாளமும் போட்ட பட்டியலைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன். மொரிஷியஸ்காரர்கள் இன்னும் கொடுத்து வைத்தவர்கள். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடிபெயர்ந்தவர்களின் புகைப்படங்களே இருக்கின்றன. பொறாமையாக இருக்கிறது, வேறென்ன.

---

வந்தவழி எழுதியது:

ஏரிக்கரை அவர்களே, நான் வேலை நிமித்தமாக டர்பனில் இருப்பவன். ஓய்வு நேரத்தில் ஆவணக் காப்பகத்தில் உட்காருவது என் கெட்ட பழக்கம். தனிச்செய்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.

கப்பல் பட்டியலுக்கு அப்புறம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் ஐந்து வருடம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. இந்த ஐந்து வருடமும் ஆள் அரசாங்கத்தின் கண்ணில் இருப்பார். ‘இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்’ என்று ஒரு அதிகாரி இருந்தார், அவர் அலுவலகக் கோப்புகளில் சம்பளப் புகார், அடிதடி, இடமாற்ற மனு எல்லாம் கிடக்கும். காலனி எண்ணைப் போட்டுத்தான் எழுதுவார்கள், அதனால் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் ஆளை விடாமல் பிடிக்கலாம்.

ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பள்ளம் வரும். சுதந்திர இந்தியர் ஆகிவிட்டால் அரசாங்கத்துக்கு அவர் மேல் அக்கறை போய்விடும். காய்கறி போட்டு விற்றாரா, ரயில்வேயில் சேர்ந்தாரா, டண்டி பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனாரா என்று தெரியாது. பிள்ளை பிறந்த பதிவு, கடை உரிமம், நிலக் குத்தகை இப்படி எங்காவது தலை தெரியும். 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் வந்த பிறகு ஒப்பந்தம் செய்தவர்கள் என்றால் வருடம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்தது, அந்த வரி பாக்கி வழக்குகளிலும் ஆட்கள் கிடைப்பார்கள். உங்களவர் அதற்கு முன்பே வந்திருந்தால் அந்த வழி இல்லை. அவருக்கு நல்லது, உங்களுக்கு நஷ்டம்!

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது: இறந்தவரின் சொத்துக் கோப்பு. இங்கே யாராவது கொஞ்சம் சொத்தோடு இறந்தால் ‘மரண அறிவிப்பு’ என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், துணைவர் பெயர், திருமணம் நடந்த இடம், பிள்ளைகள் பெயர் என்று ஒரே தாளில் ஒரு குடும்பமே இருக்கும். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளைக்கு ‘என்.ஏ.பி.’ (NAB) என்றும் இந்தச் சொத்துக் கோப்புகளுக்கு ‘எம்.எஸ்.சி.இ.’ (MSCE) என்றும் குறியீடு. ஃபேமிலிசர்ச் தளத்திலும் நேட்டால் கோப்புகள் நிறையப் படமாக இருக்கின்றன, காசு கேட்பதில்லை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடல் தாண்டிய ஆவணம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், உள்ளூர் பக்கம் சொல்கிறேன்.

மகளே, ஊரில் கல்யாணப் பதிவு தேடி அலையாதே. தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததே 2009ல்தான். அந்தக் காலத்து இந்துக் கல்யாணத்துக்குப் பந்தல்கால்தான் சாட்சி. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலயப் பதிவேடு கிடைத்திருக்கும். மொய் நோட்டு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நூறு வருடத்து மொய் நோட்டைக் கரையான் விட்டு வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. பிறப்பு இறப்புப் பதிவேடும் கிராமத்தில் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். 1980ல் கர்ணம் பதவியை ஒழித்தபோது கணக்குகள் கைமாறியதில் காணாமல் போனவையும் உண்டு.

நிலம்தான் பேசும். தாலுகா அலுவலகத்திலும் மாவட்டப் பதிவறையிலும் நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய ‘அ’ பதிவேடு (எந்த நிலம் யார் பேரில் என்ற கணக்கு) கேள். பழைய பைமாஷ் எண்ணும் புதிய சர்வே எண்ணும் ஒன்றுக்கொன்று காட்டியிருக்கும்.

அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. மனு போட்டுக் கைத்தேடல் கேட்க வேண்டும். நிலப் பத்திரங்களைப் பதியும் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, இன்னொன்று சொத்துப்படி. எல்லாரும் சர்வே எண்ணைக் கொடுத்துச் சொத்துப்படிதான் தேடுவார்கள். நீ பெயர்ப்படியும் தேடு, தம்பி பெயரில் மட்டுமல்ல, அண்ணன் பெயரிலும். ஒருத்தன் கடல் தாண்டிப் போயிருந்தால் ஊரில் இருப்பவன் என்னென்ன எழுதிக் கொடுத்தான் என்பதில்தான் விஷயம் இருக்கும். முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம், சட்டமே அப்படி. உயில் இருக்கும் மூன்றாம் புத்தகத்தை அப்படித் திறந்து பார்க்க முடியாது, எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் நகல் கேட்கலாம்.

---

ஏரிக்கரை எழுதியது:

இடைவெளிக்கு மன்னிக்கவும். வந்தவழி அண்ணா உதவியால் கப்பல் பட்டியலில் சின்னத் தாத்தா கிடைத்துவிட்டார்! தகப்பன் பெயர் சரி, கிராமம் சரி (எழுத்துக்கூட்டு கண்ணராவி). வயது 24. இடது முழங்கையில் தழும்பு என்று இருக்கிறது. பெரியப்பாவிடம் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த எண் ஒரு பெண், வயது 19. இவர் மனைவி என்றுதான் குறித்திருக்கிறார்கள். ஆனால் ஜில்லா செங்கல்பட்டு. சாதிப் பத்தியிலும் வேறு எழுதியிருக்கிறது. வீட்டில் சொல்லும் பெயருக்கும் இந்தப் பெயருக்கும் எந்த எழுத்துக்கூட்டிலும் ஒட்டவில்லை. மாமன் மகள் என்றால் எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள கிராமம், வட ஆற்காடுதான்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? குமாஸ்தா தவறாக எழுதியிருப்பாரா?

---

பழஞ்சுவடி எழுதியது:

எழுத்துக்கூட்டைக் குமாஸ்தா கெடுப்பான். ஜில்லா, சாதி, பெயர் மூன்றையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கெடுப்பது கடினம். இது வேறு பெண்ணாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பின்னணி இதுதான். நேட்டால் கப்பல்களில் 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்று விதி. ஊரிலிருந்து அவ்வளவு பெண்கள் வரவில்லை. ஏஜெண்டுகளுக்கு எண்ணிக்கை நிறைய வேண்டும். மதராஸ் டிப்போவில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில், தனியாக வந்த ஆணும் தனியாக வந்த பெண்ணும் கணவன் மனைவி என்று பதிந்துகொண்டது ஏராளம். ஆய்வாளர்கள் இதை டிப்போ கல்யாணம் என்றே சொல்கிறார்கள். நேட்டாலுக்கு மட்டுமல்ல, ஆள் போன எல்லாக் காலனிக்கும் இது பொது. தனியாக வந்த பெண்களில் விதவைகள் உண்டு, கணவனை விட்டு வந்தவர்கள் உண்டு, பஞ்சத்தில் எல்லாரையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. முன்பின் தெரியாத கப்பலில் ஒரு துணை வேண்டும் என்று நினைத்ததில் என்ன குறை?

அதற்காக இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். கப்பல் பட்டியல் ஒரே ஒரு நாளின் படம். அந்தப் பெண்ணின் எண்ணை வைத்துத் தனியாகத் தேடுங்கள். அவர் தொடர்ந்து உங்கள் சின்னத் தாத்தாவோடு இருந்தாரா, டர்பனில் இறங்கியதும் பிரிந்துவிட்டாரா என்று தெரிய வேண்டும்.

---

மூன்றாம்பிறை எழுதியது:

நான் ஒன்று சொன்னால் எல்லாரும் சண்டைக்கு வருவீர்கள். இதையெல்லாம் தோண்டி என்ன பண்ணப் போகிறோம்? அந்த மனிதர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் ஒரு குடும்பம் "புருஷன் பெண்டாட்டியா போனாங்க" என்று மரியாதையாக ஒரு கதை வைத்திருக்கிறது. அதைக் கலைத்து, சாதிப் பத்தியைப் பொதுவில் பேசி, பெரியவரின் மனதைப் புண்படுத்தி... தேவையா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, சண்டை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. கப்பலில் போனது வேறு பெண் என்றால் மாமன் மகள் என்ன ஆனாள்? அவளும் அந்த வீட்டு மருமகள்தானே. போனவளை மறைத்து மரியாதை காப்பாற்றுகிறோம் சரி, இருந்தவளையும் சேர்த்தல்லவா மறைத்திருக்கிறோம்.

மகளே, கைத்தேடல் போட்டாயா இல்லையா?

---

மூன்றாம்பிறை எழுதியது:

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. இருந்தாலும் பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்பதுதான் என் கவலை.

---

வந்தவழி எழுதியது:

மூன்றாம்பிறை கேட்டதில் ஒரு பகுதி சரிதான், சாதிப் பத்தியைப் பொதுவில் விவரமாகப் பேச வேண்டியதில்லை. இங்கே டர்பனில் அந்தப் பத்தியே பாதிப் பேருக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகி, முதலி ‘மூட்லி’ ஆகி, இப்போது அது வெறும் பெயர்தான். தகப்பன் பெயரோ தாத்தா பெயரோ குடும்பப் பெயராக நின்றுவிட்டவர்களும் உண்டு. ஆகவே சின்னத் தாத்தாவுக்குச் சந்ததி இருந்தால் என்ன குடும்பப் பெயரில் இருப்பார்கள் என்று ஊகிக்க முடியாது. இரண்டு மூன்று வழியில் தேட வேண்டும்.

நேட்டாலில் நடந்த திருமணப் பதிவு பற்றி யாரும் பேசவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன். பாதுகாவலர் அலுவலகத்தில் திருமணப் பதிவேடு இருந்தது, 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டத்தில் அதற்கு விதிகளே உண்டு. பதியாமல் சடங்கோடு நிறுத்திக்கொண்டவர்களும் ஏராளம். பிறகு 1913 மார்ச் 14ல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதியாத திருமணம் செல்லாது என்று அதற்குப் பொருள். தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்திய மனைவிமார் ஏராளமானோர் ஒரே நாளில் மனைவி இல்லை என்று ஆகிவிட்டது! பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனதற்கு 3 பவுண்டு வரியோடு இதுவும் காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய்ப்பட்டு, 1914 பிப்ரவரி 22ல் இறந்தது அந்தப் போராட்டத்தில்தான்.

1914ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்கிறவர்கள் விண்ணப்பித்தால் ஏற்கெனவே உள்ள உறவைச் சட்டப்படியான திருமணமாகப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். அதனால் இருபது வருடம் குடும்பம் நடத்தி, பேரன் எடுக்கிற வயதில் பதிவு செய்தவர்கள் உண்டு. பதிவு நாளைக் கல்யாண நாள் என்று எடுத்துக்கொண்டு, முன்பு பிறந்த பிள்ளைகளைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். உங்கள் ஜோடிக்கும் அப்படி ஒரு பதிவு இருக்கலாம்.

---

ஏரிக்கரை எழுதியது:

இரண்டு செய்தி.

முதலாவது டர்பனிலிருந்து. வந்தவழி அண்ணா சின்னத் தாத்தாவின் சொத்துக் கோப்பைப் படமெடுத்து அனுப்பினார். இறந்தது 1920களில். கடலோரத்தில் சிறு குத்தகை நிலம், இரண்டு மாடு, ஒரு வண்டி. மரண அறிவிப்பில் தகப்பன் பெயரும் வட ஆற்காடும் சரியாக இருக்கின்றன. மனைவி பெயர் கப்பல் பட்டியலில் உள்ள அதே செங்கல்பட்டுப் பெண். திருமணம் நடந்த இடம் ‘டர்பன்’. பிள்ளைகள் மூன்று பேர், இரண்டு மகன், ஒரு மகள். பிள்ளை இல்லை என்று எங்கள் வீட்டில் யார் முதலில் சொன்னார்களோ!

இரண்டாவது வந்தவாசியிலிருந்து. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி கொள்ளுத் தாத்தா பெயரில் பெயர்ப்படி தேடச் சொன்னோம். 1899ல் அவர் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நகலிலிருந்து அப்படியே, பெயர்களை மட்டும் விட்டு: "என் தம்பி தேசாந்திரம் போய்விட்டபடியால் அவன் பாரியாளாகிய நீ உன் ஆயுசு பரியந்தம் ஜீவனாம்சத்துக்காக அனுபவித்துக்கொண்டு, உன் காலத்துக்குப் பிற்பாடு மேற்படி நிலம் என் வாரிசுகளைச் சேர வேண்டியது." பெயர் மாமன் மகள் பெயர். அவர் போகவே இல்லை. இங்கேதான் இருந்திருக்கிறார்.

பெரியப்பாவிடம் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். ஏரிக்குக் கீழே உள்ள ஒரு துண்டு நிலத்துக்குச் "சின்னம்மா காணி" என்று பெயர் உண்டாம். எந்தச் சின்னம்மா என்று அவர் கேட்டதே இல்லையாம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பத்திரம் நன்றாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கணவன் இல்லாமல் நின்ற பெண்ணுக்குப் பெரும்பாலும் வாயால்தான் சோறு சொல்வார்கள். பதிவு செய்து கொடுத்திருக்கிறார் என்றால் உன் கொள்ளுத் தாத்தா நல்ல மனிதராக இருக்க வேண்டும், அல்லது பெண் வீட்டார் பஞ்சாயத்து வைத்துக் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இனி அந்த அம்மா எப்போது காலமானார் என்று பார். அந்தத் துண்டு நிலத்தின் கணக்கு எந்த வருடம் மூத்தவர் வாரிசுகள் பேருக்கு மாறியதோ, அதற்குச் சற்று முன்பு. அவளுக்கு வேறு ஆவணம் எதுவும் மிச்சமில்லை, அந்தப் பெயர் மாற்றத்தை விட்டுவிடாதே.

---

பழஞ்சுவடி எழுதியது:

ஒரு சின்ன எச்சரிக்கை. மரண அறிவிப்பை நிரப்பியது யார் என்று பாருங்கள், கீழே கையெழுத்து இருக்கும். மகன் என்றால் தாய் தகப்பன் கல்யாணத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருப்பார். திருமணம் டர்பனில் என்பது 1914க்குப் பிந்தைய பதிவைக் குறிக்கலாம், கப்பல் வந்த புதிதில் நடந்த சடங்கையும் குறிக்கலாம். மரண அறிவிப்பில் இறந்தவரின் மரணம் ஒன்றுதான் நேரடிச் சாட்சி, மற்றதெல்லாம் கேள்வி ஞானம்.

நிவாரணச் சட்டத்தின் கீழ் அவர்கள் பதிந்திருந்தால் இன்னொரு விஷயம். ஒருவனுக்கு ஒருத்தி என்றால்தான் பதிவு. ஊரில் ஒரு மனைவி உயிரோடு இருந்ததை அவர் அங்கே சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தச் செங்கல்பட்டுப் பெண்ணுக்காவது தெரிந்திருந்ததா என்பது எந்தக் காகிதத்திலும் வராது.

மாமன் மகள் ஏன் போகவில்லை என்பதற்கும் அவசரப்பட்டுக் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஐந்து வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பத்து வருடம் அங்கே இருந்தால் ஊர் திரும்பக் கப்பல் கூலி இலவசம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது, அதை நம்பிப் போனவர்கள் உண்டு.

---

ரப்பர்தோட்டம் எழுதியது:

ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் "தாத்தா தனியாகத்தான் வந்தார்" என்று ஒரு கதை உண்டு. ஊரில் பெயர்ப்படி அட்டவணை பார்க்கச் சொல்லி உறவுக்காரருக்கு இன்றைக்கே எழுதுகிறேன்.

---

ஏரிக்கரை எழுதியது:

இப்போது ஒரு சிக்கல். மூன்று பிள்ளைகளில் ஒருவருடைய வழியில் வந்தவர்கள் டர்பன் பக்கம் இருக்கிறார்கள் என்று வந்தவழி அண்ணா கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்கிறார். கடிதம் எழுதலாம் என்றேன். பெரியப்பா வேண்டாம் என்கிறார். முதலில் வெட்கம் என்று நினைத்தேன். கேட்டால், "பட்டாவில் அவர் பேர் இருக்குதே, பங்கு கேட்டு வந்துட்டா?" என்கிறார். நூறு வருடத்துக்கு மேல் நீக்காமல் வைத்திருந்த பெயரை இப்போது நீக்கலாமா என்று கேட்கிறார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். நிலம் வைத்திருப்பவனுக்கு அந்தப் பயம் வரும். பட்டாவில் பெயர் இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது, பட்டா வரி வசூலுக்கான கணக்கு. எத்தனை தலைமுறையாக யார் அனுபவம், பாகப்பிரிவினை நடந்ததா, நடந்திருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று பல விஷயம் இருக்கிறது. ஆவணங்களை எடுத்துக்கொண்டு உள்ளூர் சிவில் வக்கீல் ஒருவரிடம் காட்டச் சொல். அவர் பதில் சொல்லும் வரை பட்டாவில் கை வைக்கக் கூடாது. அவர்கள் இருப்பது தெரிந்த பிறகு அவசரமாகப் பெயர் நீக்கினால், ஒன்றும் இல்லாத இடத்தில் நாமே வழக்கை உண்டாக்கியது போல ஆகும்.

---

மூன்றாம்பிறை எழுதியது:

தோண்ட வேண்டாம் என்று சொன்ன நானே சொல்கிறேன், கடிதம் எழுதுங்கள். மூன்று பேர் வாழ்க்கை இருக்கிறது இதில், அங்கே இருப்பவர்களுக்கு அதில் ஒருவரைப் பற்றித் தெரியவே தெரியாது. ஆனால் முதல் கடிதத்திலேயே "உங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு ஊரில் இன்னொரு மனைவி" என்று ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.

---

வந்தவழி எழுதியது:

ஆமாம், முதல் கடிதத்தில் கப்பல் பட்டியல் வரிசைகள் இரண்டையும் அனுப்புங்கள், அவர் வரிசையும் அந்த அம்மா வரிசையும். இங்கே காலனி எண் தெரியாமல் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய, அதைக் கண்டாலே பதில் போடுவார்கள். நிலத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதுங்கள், இங்கே இந்தத் தலைமுறையில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் குறைவு. மாமன் மகளைப் பற்றி அவர்கள் கேட்கும்போது மறைக்காமல் சொல்லலாம், பத்திர நகலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1914 திருமணப் பதிவைப் பற்றிக் கேளுங்கள். சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் கிடக்க வாய்ப்பு இருக்கிறது. அதற்கிடையில் அடுத்த வாரம் நான் காப்பகத்துக்குப் போகிறேன், செங்கல்பட்டு அம்மாவின் எண்ணை மறுபடி அனுப்பிவிடுங்கள். பழஞ்சுவடி சொன்ன தனித்தேடல் இன்னும் பாக்கி இருக்கிறது. பாதுகாவலர் கோப்புகளில் அவர் எண்ணில் ஏதாவது மனு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.